நாலாவது பத்து

இதைக் கேட்டுவிட்டு, தூக்கக் கலக்கத்தில் உளறுகிறான் என்பவர்கள் தாராளமாகச் சொல்லிக்கொள்ளட்டும். போனில் பதிவாகாமல் இருந்திருந்தால் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். இத்தனைக்கும் இது நடந்தது ராத்திரியில் இல்லை. பட்டப்பகலில், பூட்டிய வீட்டுக்குள்.

குளிர்பதனக் கிடங்கில் எனக்கு ராத்திரி ஷிப்ட். பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறேன். ஊர் தூங்கும்போது எனக்கு வேலை, ஊர் விழித்திருக்கும்போது எனக்குத் தூக்கம். அண்ணன் இறந்த பிறகு அவருடைய அறையும் கட்டிலும் எனக்கு வந்தன. அண்ணி ஒரு தையல் கம்பெனியில் வேலை பார்க்கிறார். காலையில் போனால் சாயங்காலம்தான் வருவார். யாரும் கதவைத் தட்டி என்னை எழுப்பிவிடக் கூடாது என்று வெளியே பூட்டுப் போட்டுவிட்டுப் போவார். பின்கதவுச் சாவி என் தலையணைக்கு அடியில் இருக்கும். தாயில்லாத எனக்குச் சோறு ஊட்டி வளர்த்தவர் அவர். அவரை நம்பிய அளவுக்கு நான் சாமியைக்கூட நம்பியதில்லை.

எவ்வளவு நேரம் கட்டையாய்க் கிடந்து எழுந்தாலும் எனக்குக் கண் எரியும். தலை பாரமாக இருக்கும். நாக்கு வறண்டு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். லீவு நாளில் என் குறட்டையைக் கேட்டால், கூரை பறக்குதுடா, நல்ல தூக்கம்தான் என்று அண்ணி கேலி செய்வார். நானும் பெருமையாகச் சிரிப்பேன். ஒரு நாள் வண்டியிலேயே கண் சொக்கி, பெட்டி அடுக்கின் மேல் மோதிவிட்டேன். சுமை தூக்குகிறவர் ஒருவர் மயிரிழையில் தப்பினார். டாக்டர் சான்று இல்லாமல் வண்டியில் ஏறாதே என்று மேனேஜர் சொல்லிவிட்டார். எனக்குத் தெரிந்த ஒரே தொழில் அதுதான்.

டாக்டரம்மா முதல் வேலையாக என் கழுத்துச் சுற்றளவை அளந்தார். தூக்கத்தில் தொண்டைச் சதை தளர்ந்து மூச்சுப்பாதையை அடைத்துவிடுகிறது, மூச்சு நிற்கிறது, மூளை பதறிப்போய் எழுப்பிவிடுகிறது, ஒரே தூக்கத்தில் இது நூறு தடவைகூட நடக்கும், ஆனால் தூங்குகிறவருக்குத் தெரியாது என்றார். எடையைக் குறைக்கணும், மதுவும் சிகரெட்டும் ஆகாது, மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுக்கணும் என்றார். குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்ததா என்று கேட்டார். இல்லை என்றேன். அண்ணன் மாரடைப்பில் போனார் என்றுதான் அண்ணி சொல்லியிருந்தார். பக்கத்தில் படுப்பவர் யாரும் இல்லையென்றால், பரிசோதனை தேதி வரும்வரை தூக்கத்தைப் போனில் பதிவு செய்து பாருங்கள் என்று அனுப்பினார்.

மறுநாள் போனைத் தலைமாட்டில் வைத்துவிட்டுப் படுத்தேன். சாயங்காலம் எழுந்ததும் இயர்போனை மாட்டிக்கொண்டு கேட்டேன்.

முதலில் குறட்டை. மரம் அறுப்பதுபோல அப்படி ஒரு சத்தம்... எனக்கே சிரிப்பு வந்தது.

பதிவில் காலை 11.20. குறட்டை சட்டென்று நின்றது. ஃபேன் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. இதுதான் டாக்டரம்மா சொன்னது என்று புரிந்தது.

அப்புறம்... ஒரு குரல்.

“ஒண்ணு... ரெண்டு... மூணு...”

மெதுவாக. போனுக்கு ரொம்பப் பக்கத்தில்.

பத்து வந்தது. நின்றது. மறுபடியும் ஒண்ணிலிருந்து ஆரம்பித்தது. பதிவில் எனக்கு இன்னும் மூச்சு வரவில்லை.

மூன்றாவது பத்து...

நாலாவது பத்து...

கட்டில் ‘கிறீச்’ என்றது. யாரோ தோளைப் பிடித்து உலுக்குவதுபோல ஒரு சத்தம். ‘ஹக்’ என்று நான் மூச்சை இழுத்தேன்.

இயர்போனைக் கழற்றினேன். எழுந்து போய் வாசல் கதவை இழுத்துப் பார்த்தேன். வெளியே பூட்டியே இருந்தது. சாவி தலையணைக்கு அடியிலேயே இருந்தது.

குரலை எனக்குத் தெரியும். என் அண்ணனின் குரல்.

பயத்தைவிட ஆத்திரம்தான் அதிகம் வந்தது. என்னைத் தோளில் தூக்கிச் சுமந்த மனுஷன், நான் எப்போது போவேன் என்று தலைமாட்டில் உட்கார்ந்து எண்ணுகிறாரா?

ஆறு மணிக்கு அண்ணி வந்தார். கையில் இருந்த டிபன் பாக்ஸைக்கூட வைக்க விடாமல் பதிவைப் போட்டுக் காட்டினேன். குரலைக் கேட்டு அவர் அலறவில்லை. முதல் பத்து முடிந்தபோது சொன்னார்.

“நாலு பத்து வரும்.”

நான் இன்னும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

அண்ணனுக்கும் இதே நோய்தானாம். தூங்கும்போது மூக்கில் காற்றை ஊதும் மெஷினை டாக்டர் வைக்கச் சொன்னாராம், தம்பியையும் கூட்டிவந்து காட்டச் சொன்னாராம். மெஷினை அண்ணன் தொடவே இல்லை. அதனால் ராத்திரி முழுக்க அண்ணி விழித்திருப்பார். மூச்சு நின்றால் விரல் மடக்கி எண்ணுவார். நாலு பத்து ஆனதும் உலுக்கிவிடுவார். இப்படியே வருஷக்கணக்கில் எண்ணியிருக்கிறார்.

எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“சொன்னா, அவர் எப்படிப் போனார்னு கேப்பே.”

அந்த வார்த்தையில்தான் எனக்கு உறைத்தது. இதே வீட்டில் என் குறட்டையைக் கேட்டுக்கொண்டே, நல்ல தூக்கம் என்று கேலி செய்திருக்கிறார். பெற்றவளாக நினைத்த இடத்தில் எனக்குக் குழி இருந்திருக்கிறது.

“நீங்க எண்ணுறது அண்ணனுக்குத் தெரியுமா?”

“தெரியாது. மனசுக்குள்ளதான் எண்ணுவேன். வாய்கூட அசையாது.”

“அப்ப அவருக்கு எப்படி...?”

அண்ணி டிபன் பாக்ஸைக் கீழே வைத்தார்.

“கடைசி ராத்திரி எண்ணினீங்களா?”

“எண்ணினேன்.”

“உலுக்கினீங்களா அண்ணி?”

கட்டிலையே பார்த்தார்.

“ஒரு நாளாவது தூங்கணும்னு இருந்துச்சு. உலுக்கக் கை வரல.”

பிறகு, மிகவும் மெதுவாகச் சொன்னார்.

“ஆனா தூக்கமும் வரல தம்பி. விடியிற வரைக்கும் எண்ணிக்கிட்டே இருந்தேன்.”