ஏழாவது முட்டு

கட்டைவிரலை எடுத்ததும், மட்டம் பார்க்கும் குழாயிலிருந்த நீலத் தண்ணீர் மேலும் கீழும் தளும்பி, மெல்ல அடங்கி நின்றது. இரண்டு கைகளும் குழாயை இரும்பு உத்தரத்தோடு சேர்த்து அழுத்திப் பிடித்திருந்தன. வலக்கைச் சுட்டுவிரலின் நகம் கறுத்துச் செத்த நகம். அந்த நகத்தாலேயே மார்வா, உத்தரத்தில் நேற்று இழுத்த சாக்பீஸ் கோட்டைத் தொட்டுப் பார்த்தாள். தண்ணீர் கோட்டுக்கு மேலே நின்றது. ஒரு விரல் கனம். நேற்று மாலை கோடும் தண்ணீரும் ஒட்டிக்கொண்டிருந்தன.

வீட்டுக்கு அடியில் மல்லாந்தபடியே நகர்ந்து, வீட்டைத் தாங்கும் ஆறாவது முட்டில் பிடித்தாள். சரியாக இருந்தது. எட்டிலும் ஒன்பதிலும் அரை விரல். மறுபடி ஏழில் பிடித்தாள். அதே ஒரு விரல்.

"என்ன அண்ணி, உள்ளயே தூங்கிட்டீங்களா?" வெளியே கொழுந்தன் லைலின் பூட்ஸ் மட்டும் தெரிந்தது.

"ஏழு எறங்கியிருக்குடா."

"எறங்கினா ஏத்திட்டாப் போச்சு. ஜாக்கி எதுக்கு இருக்கு, பூஜை பண்ணவா?"

இருபத்தாறு வருஷமாக லாரியில் இழுத்துவரும் டிரெய்லர் வீடுகளை முட்டுகள்மேல் தூக்கி நிறுத்துகிறவள் மார்வா. முட்டு ஒரே ராத்திரியில் ஒரு விரல் இறங்கினால் கோளாறு முட்டில் இல்லை, மண்ணில் என்று அவளுக்குத் தெரியும்.

அன்று வியாழக்கிழமை. வெள்ளி மூன்று மணிக்கு மாவட்ட ஆய்வாளர் வருவார். அவர் பச்சை அனுமதி ஸ்டிக்கரை ஒட்டினால்தான் வீட்டுக்கு மின்சாரம் வரும். மனையை எடுத்த முப்பது நாளுக்குள் ஸ்டிக்கர் கிடைக்காவிட்டால், இந்த மனை காத்திருப்போர் பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடும். பட்டியலில் நாற்பத்தாறு பேர். காற்று அடங்காமல் வீட்டை இழுத்துவரும் லாரிக்கு அனுமதி தள்ளிப்போனது. பிறகு அச்சாணி முறிந்தது. வெள்ளிக்கிழமை முப்பதாவது நாள்; மூன்று மணியோடு கெடு முடியும்.

வீடு மார்வாவின் தோழி கோராவுடையது. ஹார்லன் ஃபோர்க் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பத்தொன்பது வருஷமாகச் சமைப்பவள். அவள் இருந்த பழைய டிரெய்லர் குடியிருப்பைக் கடற்கரைப் பக்கத்துக் கம்பெனி ஒன்று வாங்கி, விடுமுறை வீடுகள் கட்டப்போவதாகச் சொல்லி எல்லோரையும் கிளப்பிவிட்டது. எழுபது மைல் சுற்றளவில் காலியாக இருந்த ஒரே மனை இதுதான். இதுவும் போனால் கோரா ஊரைவிட்டே போக வேண்டும்.

ஊர் வளர்கிறது என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். மார்வா அந்த வளர்ச்சியைக் கீழே படுத்தபடி பார்த்தவள். ஒருகாலத்தில் மரம் அறுக்கும் ஆலைக்கு வேலைக்கு வந்தவர்களுக்கு வீடு நிறுத்திக் கொடுத்தாள். இந்த மூன்று வருஷமாக, அவளே நிறுத்திய வீடுகளைக் காலி செய்து கொண்டுபோக, அவற்றின் அடியில் புகுந்து முட்டுகளை உருவிக்கொண்டிருக்கிறாள். ஆஸ்பத்திரி நர்ஸ் வீடு கிடைக்காமல் வேனில் தூங்குகிறாள். புதுக் கணக்கு வாத்தியார் வந்தார், வாடகை எவ்வளவு என்று கேட்டார், வந்த வண்டியிலேயே திரும்பினார்.

இந்த வேலையை அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கல்யாணமான புதிதில் அவள் வீட்டுக் குளியலறைக் கதவு மார்ச் மாதத்தில் மண் இளகி வீடு சாய்ந்ததில் இறுகிக்கொண்டு, அவளை நாலு மணி நேரம் உள்ளேயே வைத்திருந்தது. புருஷன் ரயில் வேலைக்குப் போயிருந்தான். வெளியே வந்ததும் முதல் காரியமாக வீட்டுக்கு அடியில் தவழ்ந்து போனாள். அன்றைக்குத் தொடங்கியதுதான். குழாய்த் தண்ணீர் குளிரில் உறையாமலிருக்க, கார் கண்ணாடி கழுவும் நீலத் திரவத்தை ஊற்றுவதும் அவளே கண்ட வழி.

இப்போது வெளியே வந்து, ஆளுயர இரும்புக் கம்பி ஒன்றை எடுத்து ஏழாவது முட்டின் பக்கத்தில் குத்தினாள். மேலே பரப்பிய ஜல்லி கரகரத்தது. அப்புறம் கம்பி வெண்ணெயில் போவதுபோல இறங்கியது. இடுப்பளவு போனபின் உருவி, நுனியை மூக்கருகே கொண்டுவந்தாள்.

மறுபடி முகர்ந்து பார்த்தாள்.

"என்ன அண்ணி?"

"சாணி."

பார்க்காமலே தெரிந்தது. தெற்கே வரிசையாக வில்லோ மரங்கள். அவற்றின் மறைவில் காற்று வராது. அவள் அப்பா கூலியாளாக இருந்த பண்ணையின் புல்வெளி இது. பனிக்காலம் முழுக்க மாடுகளை இந்த மறைவில் நிறுத்தித்தான் தீனி போடுவார்கள். பத்து வயதில் அவளே வண்டிமேல் நின்று இந்த வரிசையில் புல்கட்டுகளைப் பிரித்துத் தள்ளியிருக்கிறாள். நாற்பது பனிக்காலத்துச் சாணமும் மிஞ்சிய புல்லும் மட்கிக் கிடக்கும் இடம். அதன்மேல் எந்தப் பாரமும் நிற்காது.

"காத்து அடிக்காத மனைன்னு சொல்லி நான்தான்டா அவளை எடுக்க வெச்சேன்," என்றாள். "காத்து அடிக்காத எடத்துலதானே மாடு நிக்கும். எனக்கு ஏன் தோணல?"

லைல் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "நாளைக்குக் காலையில தூக்கி ரெண்டு ஆப்பு சொருகுவோம். மூணு மணிக்கு மட்டமா இருக்கும். ஸ்டிக்கரை ஒட்டிட்டுப் போயிடுவாரு."

"ஏப்ரல்ல?"

"ஏப்ரலை ஏப்ரல்ல பாப்போம்."

"ஏப்ரல்ல பனி உருகி மண்ணு இளகினா கூரை பிளந்துக்கும். கதவு தெறக்காது. அவ உள்ள இருப்பா."

மூன்று முட்டுகளையும் எடுத்து, நாலடி தோண்டி, உடைகல் போட்டுத் திமிசால் இடிக்க ஒன்றரை நாள் வேண்டும். கையில் இருப்பது ஒரு நாள். மேற்கே மலை உச்சி தெரியவில்லை, பனி வருகிறது.

கோரா மூன்றரைக்கு வந்தாள், பள்ளிக்கூடத்தில் மிஞ்சிய மாட்டிறைச்சிக் குழம்பைத் தூக்கில் எடுத்துக்கொண்டு. "மண்ணுளிப் பாம்பே, வெளிய வந்து சாப்பிடு," என்று குனிந்து கூப்பிட்டவள், மார்வாவின் முகத்தைப் பார்த்ததும் தூக்கைக் கீழே வைத்தாள்.

மார்வா மறைக்காமல் சொன்னாள். தப்பு தன்னுடையது என்பதையும் சொன்னாள்.

கோரா வில்லோ மரங்களைத் திரும்பிப் பார்த்தாள். "தோண்டினா நாளைக்கு முடியுமா?"

"தெரியல."

"முடியலன்னா மனை போயிடும்."

"ஆமா. உன் வீடு, நீ சொல்லு. ஆப்பு சொருகுன்னு சொன்னா சொருகுறேன். ஆனா அடியில என்ன இருக்குன்னு உனக்குத் தெரியாம சொருக மாட்டேன்."

"பத்தொம்பது வருஷமா ஊர்ப் புள்ளைங்களுக்கு ஆக்கிப் போட்டதுக்கு, எனக்குக் கெடைச்ச மனையைப் பாரு, சாணிக் குழி," என்றாள் கோரா. குரல் கிண்டலாகத்தான் ஆரம்பித்தது, முடியும்போது உடைந்தது. பிறகு கோட்டைக் கழற்றி வேலியில் போட்டாள். "மம்மட்டி எங்க?"

இருட்டும்வரை தோண்டினார்கள். கறுப்பாக, ஆவி பறக்க வந்தது மண். வெள்ளிக்கிழமை விடிவதற்குள் தொடங்கினார்கள். கோரா பள்ளிக்கூடத்துக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டாள். ஏழாவது குழி பத்து மணிக்கு நிரம்பியது. எட்டாவது பன்னிரண்டரைக்கு. குடியிருப்பு மேலாளர் டெஸ்மண்ட் சுத்தமான பூட்ஸோடு வந்து நின்று, "மூணு மணிங்க. என் கையில ஒண்ணுமில்ல, பட்டியல்ல அடுத்தவங்க ரெண்டு தடவ போன் பண்ணிட்டாங்க," என்றான்.

"அப்போ உங்க கையில இந்தத் திமிசைப் பிடிங்க," என்றான் லைல். டெஸ்மண்ட் அலுவலகத்துக்குப் போய்விட்டான்.

இரண்டேகாலுக்கு ஒன்பதாவது முட்டின் மேல் மார்வா ஜாக்கியை இறக்கினாள். இரும்பு முனகி உட்கார்ந்தது. குழாயைப் பிடித்தாள். தண்ணீர் மேலும் கீழும் தளும்பியது. மூச்சைப் பிடித்துக்கொண்டாள். தண்ணீரும் கோடும் ஒன்றாயின.

ஆய்வாளர் ரூபன் இருபது நிமிஷம் முன்னாலேயே வந்துவிட்டார். வீட்டைத் தரையோடு பிணைத்திருக்கும் இரும்புப் பட்டைகளை இழுத்துப் பார்த்தார். மின்பெட்டியைப் பார்த்தார். அடியில் குனிந்து டார்ச்சை ஒரு தடவை வீசினார், அவ்வளவுதான். பிறகு வாசல் படியில் நின்றார்.

"கைப்பிடி எங்க மார்வா?"

மூன்று படிக்கு மேல் இருந்தால் கைப்பிடி வேண்டும். படி நாலு. குழியையே நினைத்துக்கொண்டிருந்ததில் அது மறந்தே போயிருந்தது.

"இன்னும் பன்னெண்டு நிமிஷம் இருக்கு," என்றார் ரூபன் கடிகாரத்தைப் பார்த்து. "நான் வண்டியில காப்பி குடிக்கணும். மெதுவாத்தான் குடிப்பேன்."

லைல் லாரியிலிருந்த மரச்சட்டத்தை உருவினான். மார்வா அறுத்தாள். கோரா தாங்கிப் பிடித்தாள். துளை போட்ட இடத்தில் முதல் போல்ட் நழுவி ஜல்லிக்குள் விழுந்தது; மூன்று பேரும் மண்டியிட்டுத் தேடினார்கள். லைலின் வாயில் வந்த வார்த்தைகளை ரூபன் கேட்டும் கேட்காததுபோல இருந்தார். கடைசி போல்ட்டை முறுக்கியபோது இரண்டு ஐம்பத்தெட்டு. ரூபன் கைப்பிடியைப் பற்றி, தன் எடை முழுவதையும் அதில் போட்டு, மெதுவாக ஏறினார். பச்சை ஸ்டிக்கரை மின்பெட்டியில் ஒட்டி, உள்ளங்கையால் நீவிவிட்டார்.

பனி விழத் தொடங்கியது.

மார்வா முதலில் உள்ளே போனாள். எப்போதும் செய்வதைச் செய்தாள்: ஃப்ரிட்ஜ் கதவைப் பாதி திறந்து கையை எடுத்தாள். கதவு விட்ட இடத்திலேயே நின்றது, மூடவும் இல்லை, திறக்கவும் இல்லை. குளியலறைக் கதவை இரண்டு முறை சாத்தித் திறந்தாள். பிறகு இன்னும் ஒருமுறை.

வெளியே கோரா, மண் அப்பிய முழங்காலோடு கீழ்ப்படியில் நின்றாள். உள்ளே வர அவளுக்குப் பயமாக இருந்தது.

"ஏப்ரல்ல மண் இளகும்போது வந்து பிடிச்சுப் பாப்பேன்," என்றாள் மார்வா. "அதுவரைக்கும் ஏதாவது கதவு இறுகினா, பாத்துக்கலாம்னு இருக்காதே. அன்னைக்கே கூப்பிடு."

"கூப்பிடுறேன்."

மார்வா கையைக் கால்சட்டையில் துடைத்து, இரண்டு சாவிகளையும் கோராவின் உள்ளங்கையில் வைத்தாள்.