தரை வழி

என் மனைவி இத்தாலியில், பலெர்மோ என்ற ஊரில், நடக்க முடியாத ஒரு முதியவளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறாள். ஒரு புதன்கிழமை இங்கே கேரளத்து நெய்யாற்றின்கரையில் அவளுடைய அம்மா இறந்துபோனார்கள். அடக்கம் சனிக்கிழமை மூன்று மணிக்கு என்று சபையில் முடிவாயிற்று. சவப்பெட்டியை மூடும் முன் பிள்ளைகள் முத்தம் கொடுப்பது எங்கள் வழக்கம். இவள் மூத்த மகள். அதற்குள் வந்து சேர வேண்டும்.

ரோமிலிருந்து திருவனந்தபுரத்துக்கு வெள்ளிக்கிழமை பிற்பகல் டிக்கெட் கிடைத்துவிட்டது. பலெர்மோவிலிருந்து ரோமுக்கு வருவதுதான் பாக்கி. வெள்ளி காலை ஒன்பது மணிக்கு விமானம் உண்டு, ஒரு மணி நேரப் பயணம். முந்தின நாள் மாலை ஏறினால் காலையில் கொண்டு சேர்க்கும் ரயிலும் உண்டு. வியாழன் மதியம் போனில் கேட்டாள்.

"எனக்கு ஒண்ணும் ஓடல்ல. எதில கேறணும்னு நீங்க சொல்லுங்கோ."

பத்தாம் வகுப்போடு நின்ற தையல்காரன் நான். விவரம் தெரிந்தவர்களைக் கேட்போம் என்று ஒரு டிராவல்ஸ் கடைக்குப் போனேன். உள்ளே நாலைந்து பேர் இருந்தார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் நிமிர்ந்து, என்ன வேண்டும் என்று மலையாளத்தில் கேட்டார். அத்தனை பேர் முன்னால் அரைகுறை மலையாளத்தில் விளக்க வெட்கப்பட்டு, சும்மா வந்தேன் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன்.

பிறகு நானே கணக்குப் போட்டேன். எங்கள் பக்கம் ஒருவர் வெளிநாடு போவதென்றால், வேன் பிடித்துக் குடும்பத்தோடு ஐந்து மணி நேரம் முன்பே விமான நிலையத்தில் போய் நிற்போம். விமானம் என்றால் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். அப்படியானால் அவள் நாலு மணிக்கே போய் நிற்க வேண்டும். அந்நேரம் யார் அவளுக்கு வண்டி கொண்டுவருவார்கள்? ரயில் எனக்குத் தெரியும். எங்கள் பாறசாலை ஸ்டேஷனில் நகரும் ரயிலில் எத்தனை தடவை ஓடி ஏறியிருக்கிறேன்.

"ரயிலுல கேறு," என்றேன். "நின்னாலும் அது தரையிலயாக்கும் நிக்கும்."

சரி என்றாள். அவ்வளவுதான்.

வெள்ளி விடிந்ததும் போன் வந்தது. அங்கே ஒரு இடத்தில் கடலைத் தாண்ட வேண்டுமாம். ரயிலைப் பெட்டி பெட்டியாகக் கப்பலுக்குள் ஏற்றுவார்களாம். பலெர்மோ ஒரு தீவில் இருக்கிறது என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது. காற்று பலமாக அடிப்பதால் கப்பலை விடவில்லை. ரயில் துறைமுகத்திலேயே நின்றது. ராத்திரி வரை நான் போனைக் கையிலேயே வைத்திருந்தேன். அவள் ரோமில் இறங்கியபோது விமானம் போய்விட்டது. மறுநாள் விமானத்தில் ஏறினால் ஞாயிறு காலைதான் இங்கே சேர முடியும்.

வீட்டில் சவப்பெட்டியைச் சுற்றி உறவுக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நாலு பேர் நடுவில் நான் வாய் திறந்ததில்லை. அன்று திறந்தேன்.

"ஒரு நாள் பொறுக்கணும். தப்பு எனக்காக்கும்."

மனைவியின் தம்பி வளைகுடாவிலிருந்து நாலு நாள் லீவில் வந்திருந்தான். சனி ராத்திரி அவனுக்குத் திரும்ப டிக்கெட். அவன் என் பக்கம் திரும்பினான்.

"அத்தானே, அந்த நாட்டுக்குள்ளயே பறக்கதுக்கு ரெண்டு மணிக்கூர் முன்ன போனா மதி. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கப்பிடாதா? நான் இந்த வீட்டில தானே இருந்தேன்."

இருந்தான். அழுதுகொண்டிருந்தவனிடம் போய்க் கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. ஞாயிறு வரை அவனால் நிற்க முடியாது, அம்மாவுக்கு மண் போடாமல் போகவும் முடியாது. மூன்று மணிக்கே அடக்கம் நடந்தது. மூத்த மகளுக்குப் பதிலாக முத்தம் கொடுக்க யாரும் குனியவில்லை. போதகர் கொஞ்சம் காத்திருந்துவிட்டு மூடச் சொன்னார்.

ஞாயிறு காலை விமான நிலையத்திலிருந்து நேரே கல்லறைக்குப் போனோம். ஈர மண்மேல் கையை வைத்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

இரண்டு வாரம் கழித்து அவள் திரும்பிப் போக வேண்டியிருந்தது. ரோமிலிருந்து பலெர்மோவுக்கு எப்படிப் போகப் போகிறாய் என்று கேட்க நினைத்து, கேட்காமல் அவள் பயணப் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தேன். அவள் கட்டிலில் உட்கார்ந்து போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தாள். கயிறு எடுக்க அவளைத் தாண்டிப் போனபோது திரையில் தெரிந்தது. ரோமிலிருந்து பலெர்மோவுக்கு விமான டிக்கெட். ஏற்கெனவே எடுத்துவிட்டிருந்தாள்.