இடது பக்கத்துச் சக்கரம்

ஆயுத பூஜைக்கு வண்டியைத் துடைக்கிறேன் என்று போய் அப்பாவின் வேலைக்கே உலை வைக்கப் பார்த்தவள் நான். எமர்ஜென்சிக்கு முந்தின வருஷம், எனக்கு ஒன்பது வயது. மூணாறுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் அப்பா மேனேஜர் துரையின் காரை ஓட்டிக்கொண்டிருந்தார். அதற்கு முன்னால் பத்து வருஷம் அதே மலையில் தேயிலைச் செடிகளை வெட்டிவிடும் கவாத்து வேலை செய்தவர். டிரைவர் ஆன பிறகுதான் கூலிக்காரர்களின் வரிசை வீடான லயத்தை விட்டு, தனிக் குழாய் இருக்கிற வீட்டுக்கு வந்தோம். அந்தக் குழாயில் யாராவது தண்ணீர் பிடிக்க வந்தால் எனக்கு ஏகப்பட்ட பெருமை.

பூஜையன்று காலையில் சக்கரங்களின் வட்ட மூடிகளையெல்லாம் அப்பா கழற்றி வாசலில் போட்டார். அம்மா புளியும் செங்கல் பொடியும் போட்டுத் தேய்த்தாள். எனக்கு அது போதவில்லை. இடது முன்சக்கரத்தின் நடுவே கிண்ணம் மாதிரி இன்னொரு சின்ன மூடி இருந்தது. தோசைத் திருப்பியால் நெம்பினேன், கையோடு வந்துவிட்டது. உள்ளே பார்த்தால் கறுப்பாக, பிசுபிசுவென்று ஒரே அழுக்கு. பூஜை நாளும் அதுவுமாக இப்படியா வைத்திருப்பார்கள்! பழைய துணியால் விரல் போகிறமட்டும் வழித்து எடுத்தேன். செங்கல் பொடியால் மூடியைப் பளபளவென்று தேய்த்து, சரியாகக் கழுவாமலே உள்ளே சந்தனமும் குங்குமமும் அப்பி, கல்லால் தட்டி மாட்டினேன். வலது பக்கம் போவதற்குள் பொரிகடலை கொடுக்கக் கூப்பிட்டார்கள், ஓடிவிட்டேன். அந்த அழுக்குக்குப் பெயர் கிரீஸ் என்றும், அது இல்லாவிட்டால் சக்கரத்துக்குள் இருக்கிற பேரிங் தேய்ந்துபோகும் என்றும் எனக்கு யார் சொன்னார்கள்?

பத்து நாள் ஒன்றுமில்லை. அப்புறம் வண்டி கரகரக்க ஆரம்பித்தது. நேராகப் போனால் சத்தம் இல்லை. வளைவில் திரும்பினால் மட்டும் ஆட்டுக்கல்லில் மணல் விழுந்த மாதிரி அரைத்தது. எங்கள் மலையில் நேர் ரோடு எங்கே இருக்கிறது? துரை இரண்டு நாள் பொறுத்தார். மூன்றாம் நாள் விடிந்ததும் அப்பாவைக் கூப்பிட்டு, மறுநாள் காலை ஆறு மணிக்குக் கொச்சிக்குப் போகவேண்டும், அதற்குள் சத்தம் நிற்காவிட்டால் சாவியை லாரி டிரைவரிடம் கொடுத்துவிட்டுப் பழையபடி கவாத்துக்குப் போ என்று சொல்லிவிட்டார். அப்பா இதை அம்மாவிடம் சொல்வதைக் கேட்டுக்கொண்டே நான் பள்ளிக்கூடம் போனேன். லாரி டிரைவரின் மகள் என் வகுப்புதான். இனிமேல் குழாய் அவளுடையது என்று நினைத்ததும் எனக்குப் பாடம் ஒன்றும் ஏறவில்லை.

சாயங்காலம் திரும்பி வந்ததும் அப்பா என்னைக் காரில் தன் பக்கத்து சீட்டில் உட்காரவைத்தார்.

“ஒனக்குத்தான் காது நல்லாக் கேக்கும், தாயி. சத்தம் எந்தப் பக்கமிருந்து வருதுன்னு கேட்டுச் சொல்லு.”

ஃபாக்டரிக்கு மேலே உள்ள கொண்டை ஊசி வளைவுகளில் ஓட்டினார். இடப்பக்கம் திரும்பும்போது சத்தமே இல்லை. வலப்பக்கம் திரும்பி, வண்டியின் பாரம் இடது பக்கம் சாய்ந்ததுமே என் காலடியில் கரகரவென்று அரைத்தது. நான் குங்குமம் வைத்த அதே சக்கரம்.

“எந்தப் பக்கம்?”

“வலது பக்கம்ப்பா.”

அப்பா என்னை ஒரு தடவை பார்த்தார். சரி என்றார். வீட்டுக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, வலது முன்சக்கரத்துக்கு ஜாக்கி கொடுத்துத் தூக்கினார்.

சக்கரத்தைக் கையால் சுற்றிக் காது கொடுத்துக் கேட்டார். மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அசையவே இல்லை. அப்போதாவது விட்டிருக்கலாம். அவரோ சக்கரத்தைக் கழற்றி, பேரிங்கை வெளியே எடுத்து, மண்ணெண்ணெயில் கழுவி, குண்டு குண்டாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே பள்ளத்திலிருந்து மஞ்சு புகைமூட்டமாக ஏறி வந்தது. இருட்டப்போகிறதே, சட்டுபுட்டென்று முடித்துவிட்டு அந்தப் பக்கம் போய்த் தொலையக் கூடாதா என்று மனசுக்குள் கத்தினேன். அம்மா பால் விடாத கட்டன் சாயா கொண்டுவந்து வைத்தாள்.

“ஏங்க, வெளிச்சம் போகுதுல்ல?”

“போகட்டும்.”

அம்மா என்னையும் அவரையும் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

வலது சக்கரத்தை மறுபடியும் மாட்டி, நட்டுகளை முறுக்கத் தொடங்கினார். எனக்குத் தாங்கவில்லை. “அப்பா, சத்தம் அந்தப் பக்கம்ப்பா. நாந்தேன் அழுக்கத் தொடச்சுவிட்டேன்” என்று ஓவென்று அழுதேன். தோசைத் திருப்பி, செங்கல் பொடி, குங்குமம் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். அறை விழும் என்று கன்னத்தைப் பொத்திக்கொண்டேன்.

“அப்படியா? சரி, அரிக்கேன் லைட்டக் கொண்டா.”

அவ்வளவுதான். இத்தனை பெரிய குற்றத்துக்கு இவ்வளவுதானா என்று எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

இடது சக்கரம் பிடித்து ஆட்டினதுமே லொடலொடவென்றது. உள்ளே எல்லாம் சிவப்புச் சேறு. பேரிங் குண்டுகள் சொறி பிடித்துக் கிடந்தன. அப்பா எல்லாவற்றையும் கழுவித் துடைத்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய புதுப் பேரிங்கை எடுத்து, உள்ளங்கையில் கிரீஸை வைத்து அதில் அழுத்தி அழுத்தித் திணித்து மாட்டினார். அது எப்படிப் பையில் வந்தது என்று நான் கேட்கவில்லை. டிரைவர் என்றால் பேனா மாதிரி அதையும் வைத்திருப்பார் போல என்று நினைத்துக்கொண்டேன். திரும்ப ஓட்டிப் பார்த்தபோது வலது வளைவில் எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது. மறுநாள் காலை ஆறு மணிக்குத் துரையை ஏற்றிக்கொண்டு அப்பா கொச்சிக்குப் போனார்.

அப்பா காலமாகி ஒரு வருஷம் ஆன பிறகு அம்மா பேச்சுவாக்கில் சொன்னாள். அன்று மத்தியானமே அப்பா சக்கரங்களைத் தொட்டுப் பார்த்திருக்கிறார். இடது பக்கம் கை வைக்க முடியாமல் கொதித்திருக்கிறது. மூடியைத் திறந்து குங்குமத்தையும் பார்த்துவிட்டு, நேராக ஃபாக்டரி ஸ்டோருக்குப் போய்ப் பேரிங் வாங்கி வந்திருக்கிறார். வேலை போய்விட்டால் என்ன செய்வீக, அவளைக் கூப்பிட்டு ரெண்டு போட்டுக் கேட்க வேண்டியதுதானே என்று அம்மா சண்டைக்குப் போனாளாம்.

“பயந்துபோய்க் கெடக்குடி. கொஞ்ச நேரம் குடுப்போம்” என்றாராம் அப்பா.

நானோ அந்த நேரம் முழுக்க, இந்த மனுஷன் ஏன் இப்படி ஆமை மாதிரி வேலை செய்கிறார் என்று அவர்மேல் எரிச்சல்பட்டுக்கொண்டு நின்றிருந்தேன்.