நாலாவது ஆள்

போடிக்காரர்களுக்கு மலை என்றால் சோலி. ஏலக்காடு வைத்திருப்பவர் காட்டைப் பார்க்க ஏறுவார், காய் பறிக்கிறவர்கள் கூலிக்கு ஏறுவார்கள், சுமைக்காரர்கள் மூட்டைக்கு ஏறுவார்கள். ஒன்றுக்கும் இல்லாமல் ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் கான்வாஸ் செருப்பை மாட்டிக்கொண்டு ஏறி, மேலே உட்கார்ந்து புளிச்சோறு தின்றுவிட்டு இறங்கி வருகிறவனை ஊர் சும்மா விடுமா? எங்கள் சங்கத்துக்கு நாங்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. ஊர் வைத்தது 'வெட்டிச் சங்கம்'. ஊர் வைத்ததுதான் நிலைத்தது.

எழுபதுகளின் கடைசியில் அதை ஆரம்பித்தவர் என் மச்சான், அக்காவைக் கட்டியவர். ஏலக்காய்க் கடையில் காயைச் சல்லடையில் போட்டு ரகம் பிரிக்கிற வேலை அவருக்கு. நாள் முழுக்க இருட்டு அறை, தூசி, தும்மல். "வாரம் பூரா மலைய மூட்டையில பாக்குறேன், ஒருநாளாவது நேர்ல பாக்க வேணாமா?" என்பார். அவருடைய உயிர்ச்சிநேகிதர் ஒரு ஜவுளிக்கடைக்காரர். கடையின் மாடி அறைதான் சங்கம். கயிறு, டார்ச்சு லைட்டு, காப்பி கொண்டுபோக ஓர் அலுமினியத் தூக்குவாளி, இவைதான் சங்கத்தின் சொத்து. மச்சான் அந்தத் தூக்குவாளியைச் சாம்பல் போட்டு விளக்குவதைப் பார்த்தால் அக்காவுக்கு எரிச்சல் வரும். "வீட்டுல ஒரு டம்ளரக் கழுவுனது கெடையாது. என்னயக் கட்டுனாரா, மலையக் கட்டுனாரா?" என்பாள். ஆனால் சனிக்கிழமை ராத்திரியே புளிச்சோற்றைக் கிளறி வைத்துவிடுவதும் அவள்தான்.

ஒரு வருஷம் கடலுக்கும் போனோம். மண்டபம் பக்கம் ஒரு மீன்காரரிடம் பேசி, அவருடைய வள்ளத்தில் ஏறி ஆளுக்கொரு துடுப்பைப் பிடித்தோம். மலையில் ஆடு மாதிரி ஏறுகிற மச்சான் கரை மறைவதற்குள் வாந்தி எடுத்துவிட்டார். நாங்கள் வலிக்க வலிக்க வள்ளம் ஒரே இடத்தில் வட்டம் போட்டது. மீன்காரர் தலையில் அடித்துக்கொண்டு துடுப்புகளைப் பிடுங்கினார். "இதுல மேடுமில்ல, பள்ளமுமில்ல. மனுசன் எங்கயப்பா உக்காந்து எளப்பாறுறது?" என்று மச்சான் முனகியதை நினைத்து ஊர் வரும்வரை பஸ்சில் சிரித்துக்கொண்டே வந்தோம்.

அது நடந்தது எண்பதுகளின் தொடக்கத்தில், ஓர் ஐப்பசி ஞாயிறு. குரங்கணியிலிருந்து எட்டுப் பேர் ஏறினோம். ஏலக்காட்டில் காய் பறிப்பு மும்முரமாக இருந்த நேரம். மேலே புல்மேட்டில் ஒரு பாறை மேல் உட்கார்ந்து சாப்பிட்டோம். சாப்பிட்டு முடிக்கும்போதே மஞ்சு இறங்க ஆரம்பித்தது. பக்கத்தில் நிற்பவனின் முகம் தெரியாது, குரல் மட்டும் வரும், அப்படிப்பட்ட மஞ்சு. கூடவே தூறல். கடைசி பஸ்சைப் பிடிக்க வேண்டும் என்று அவசரமாக இறங்கினோம். நானும் மூன்று பேரும் முன்னால். மச்சானும் ஜவுளிக்கடை அண்ணனும் இன்னும் இரண்டு பேரும் பின்னால்.

கொஞ்ச தூரம் வந்ததும் மச்சானுக்குத் தூக்குவாளி ஞாபகம் வந்திருக்கிறது. பாறை மேலேயே விட்டுவிட்டார். "சங்கத்துச் சொத்து, விட்டுட்டு வர முடியுமா? நீங்க நடங்க. நான் எடுத்துக்கிட்டு குறுக்குத்தடத்துல எறங்கி, முன்னால போறவங்களப் பிடிச்சிர்றேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி ஏறியிருக்கிறார். அந்தக் குறுக்குத்தடம் அவருக்கு வீட்டு வாசல் மாதிரி. யாரும் தடுக்கவில்லை. ஒரு தூக்குவாளி! அதைவிடப் பெரிய வாளியை நான் என் காசில் வாங்கிக் கொடுத்திருப்பேனே.

அவர் போனதும் பின்னால் மூன்று பேர் ஆகிவிட்டார்கள். மூன்று பேராக ஒரு காரியத்துக்குப் போகக் கூடாது என்பது எங்கள் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும். போக வேண்டி வந்தால் வழியில் ஒரு கல்லை எடுத்துக் கூட வைத்துக்கொள்வார்கள். அந்தக் கல் ஓர் ஆள். வீடு சேரும்வரை அதையும் சேர்த்து நாலு பேர் என்றுதான் சொல்ல வேண்டும். வாய் தவறி மூன்று என்று சொல்லிவிட்டால் கல் எடுத்ததற்கே அர்த்தமில்லை. ஜவுளிக்கடை அண்ணன் இதிலெல்லாம் ரொம்பக் கண்டிப்பு. மதுரைக்குச் சரக்கெடுக்கப் போனால்கூடக் கல் எடுப்பவர். அன்றைக்கும் தடத்தோரத்தில் ஒரு கல்லைப் பொறுக்கித் தோள்பையில் போட்டுக்கொண்டார்.

தடம் இரண்டாகப் பிரியும் இடத்தில் நாங்கள் முன்னால் போனவர்கள் நின்றோம். மஞ்சில் கூவிக்கொள்வது எங்கள் வழக்கம். எங்களில் ஒருவர் வாய் மேல் கையைக் குவித்து, "ஓஓய்! பின்னால எத்தனப் பேரு?" என்று கூவினார்.

மேலேயிருந்து ஜவுளிக்கடை அண்ணனின் குரல் கணீரென்று வந்தது. "நாலு பேரு! நீங்க வெரசாப் போங்க, பஸ்சு போயிரும்!"

நாங்கள் நாலு, பின்னால் நாலு, ஆக எட்டு. கணக்கு நேராக இருந்தது. நாங்கள் போய்விட்டோம்.

நாங்கள் கடைசி பஸ்சைப் பிடித்தோம். அவர்களுக்கு அது கிடைக்கவில்லை, ஏலக்காய் லோடு ஏற்றி வந்த ஜீப்பில் வந்திருக்கிறார்கள். அக்கா வீடும் என் வீடும் ஒரே தெரு. "எங்கடா ஒங்க மச்சான்?" என்றாள். "பின்னால ஏதாச்சும் ஜீப்பப் பிடிச்சு வந்துருவாருக்கா" என்று சொல்லிவிட்டு, அவள் கொடுத்த காப்பியை அங்கேயே உட்கார்ந்து குடித்தேன். தலை நனைந்திருக்கிறதே என்று துண்டு கொண்டுவந்து கொடுத்தாள்.

விளக்கு வைத்துக் கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். ஜவுளிக்கடை அண்ணன் வாசலில் நின்று செருப்பைத் தட்டினார். "என்ன தங்கச்சி, மாப்ள குளிச்சாச்சா? தூக்குவாளி கெடச்சுச்சா இல்லையா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் அவரைப் பார்த்தேன். அவர் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. "ஒங்க கூட வரலையா?" என்றார். "நாலு பேருன்னு சொன்னீங்களேண்ணே?" என்றேன். அவர் என்னைத் தெருவுக்குக் கூட்டிப்போய்த் தோள்பைக்குள் கைவிட்டுக் கல்லை எடுத்துக் காட்டினார். அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினேன் என்று பின்னால் சொன்னார்கள். எனக்கு ஞாபகமில்லை.

ஜீப் பிடித்துக் குரங்கணிக்கு ஓடினோம். அதற்குள் மழை வலுத்துவிட்டது. டார்ச்சு வெளிச்சம் ஒரு முழத்துக்கு மேல் போகவில்லை. "இந்த மழையில ஏறுனா இன்னும் நாலு உசுரு போகும்" என்று ஊர்க்காரர்கள் மறித்துவிட்டார்கள். விடிந்ததும் எஸ்டேட்டு ஆட்களோடு ஏறினோம். குறுக்குத்தடத்துக்குக் கீழே, ஓடைச் சரிவில், ஒரு பாறையின் ஒதுக்கில் கிடந்தார். உடம்பு விறைத்திருந்தது.

அவர் விழுந்தவுடன் போய்விடவில்லை. அதுதான் இன்றுவரை எனக்குத் தாங்க முடியாதது. ஒடிந்த காலை நீட்டி வைத்து, முழங்காலுக்குக் கீழே துண்டால் இறுக்கிக் கட்டியிருந்தார். பாறை விளிம்பில் சொட்டுகிற தண்ணீருக்குக் கீழே தூக்குவாளியின் மூடியை வைத்திருந்தார். மூடி நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. கையை ஊன்றி ஊன்றித் தடத்தை நோக்கி நகர்ந்த இடமெல்லாம் புல் படிந்து கிடந்தது. அந்தத் தடத்தில் முந்தின நாள் சாயங்காலமே யாராவது ஒருவன் திரும்பி ஏறியிருந்தால் போதும், அவர் ஒரு காலை இழுத்துக்கொண்டாவது இன்றைக்கும் உட்கார்ந்து என்னைக் கேலி பேசிக்கொண்டிருப்பார்.

ஜவுளிக்கடை அண்ணன் அந்த மூடியைப் பார்த்ததும் அங்கேயே உட்கார்ந்து மண்ணில் தலையை முட்டினார். நான் துண்டை அவிழ்த்தேன். மூடியை எடுத்துத் தண்ணீரைக் கொட்டினேன். "அக்காகிட்ட விழுந்த உடனே போயிட்டாருன்னுதான் சொல்லணும். இதுவும் சரி, கல்லு விசயமும் சரி, ஒரு வார்த்த வெளிய வரக் கூடாது" என்றேன். எல்லாரும் தலையாட்டினார்கள். அக்காவிடம் அப்படியே சொன்னேன். "வலி தெரிஞ்சிருக்காதுல்ல?" என்று கேட்டாள். "தெரிஞ்சிருக்காதுக்கா" என்றேன்.

சங்கம் அதோடு முடிந்தது. மாடி அறையில் துணி மூட்டைகளை அடுக்கிவிட்டார்கள். ஊர், தான் அப்போதே சொன்னதாகச் சொல்லிக்கொண்டது. வெட்டியாக மலை ஏறினால் இப்படித்தான் என்று துக்கம் கேட்க வந்த இடத்திலேயே பேசினார்கள். அவர்களில் இரண்டு பேரையாவது அறைந்திருக்க வேண்டும் என்று இப்போதும் தோன்றும்.

அக்காவுக்குப் பிள்ளை இல்லை. மாமியார் வீட்டில் இருக்கப் பிடிக்காமல் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். வீட்டிலேயே தையல் மெஷின் போட்டாள். அவளுக்கு வேண்டிய துணியை ஜவுளிக்கடையிலிருந்து கடைப்பையன் கொண்டுவருவான். அண்ணன் ஒருநாளும் வரவில்லை. எதிரில் அவளைக் கண்டால் சந்துக்குள் ஒதுங்கிவிடுவார். அவருக்கு அப்போதெல்லாம் ஐம்பதுகூட ஆகியிருக்காது, ஆனால் பார்ப்பதற்குக் கிழவர் போல ஆகிவிட்டார். நானும் அவரோடு பேசுவதை நிறுத்தியிருந்தேன். நல்லதுக்கு எடுத்த கல் என்று புத்திக்குத் தெரியும். மனசுக்குத் தெரிய மறுத்தது.

எண்பதுகளின் கடைசியில் அவருக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. மகனிடம் சொல்லி என்னைக் கூப்பிட்டுவிட்டார். குழறலாகப் பேசினார். "தங்கச்சியக் கூட்டியா. சொல்லாமப் போக மாட்டேன்." எனக்குக் கோபம் வந்தது. இவர் பாரத்தை இறக்கிக்கொள்ள என் அக்கா தலையில் ஏற்றுவதா? "இத்தன வருசம் காப்பாத்துன பொய்ண்ணே அது. அவ நிம்மதியா இருக்கா, விட்டுருங்க" என்றேன். அவர் அழுதார். உடம்பு சரியில்லாதவரின் அழுகையை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருப்பது? கூட்டி வந்தேன்.

அக்கா கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் நல்ல கையைத் தூக்கிக் கும்பிட முயன்றார். "அன்னிக்கு... கல்லு..." என்று ஆரம்பித்தார். மேற்கொண்டு வரவில்லை.

"தெரியும்ண்ணே" என்றாள் அக்கா. "கல்லு எடுத்ததும் தெரியும், நாலுன்னு சத்தம் குடுத்ததும் தெரியும். ஒங்க கூட வந்தவுக வீட்டுப் பொம்பளைக அன்னிக்கே சொல்லிட்டாக. நீங்க எல்லாரும் நல்லபடியா வீடு போய்ச் சேரணும்னுதான எடுத்தீக? ஒங்களுக்கும் அவருக்கும் எடையில நான் யாருண்ணே கணக்குக் கேக்க? இனிமே என்னயப் பாத்தா சந்துக்குள்ள போகாதீக." அவள் முந்தானையால் அவர் வாயோரத்தைத் துடைத்துவிட்டாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எல்லாம் தெரிந்திருந்தும் இத்தனை வருஷமும் மூச்சுவிடாமல் இருந்திருக்கிறாள்.

திரும்பி வரும்போது, மார்க்கெட்டைத் தாண்டியதும், "அக்கா, எவ்வளவுதான் தெரியும் ஒனக்கு?" என்று கேட்டேன்.

"விழுந்த உடனே போகலங்கிறதும் தெரியும்" என்றாள். "காரியத்தன்னிக்கு எஸ்டேட்டுப் பொம்பளைக வந்திருந்தாக. அதுல ஒருத்தி அந்த ஓடைக்கு எதுத்தாப்புலதான் காய் பறிச்சிருக்கா. பொழுது அடையிற வரைக்கும் சத்தம் கேட்டுச்சு தாயின்னா. பெறகு ஏண்டி போய்ப் பாக்கலன்னேன். யாரோ பொம்பளையும் கூட வந்திருக்கா, அவளத்தான் பேரு சொல்லிக் கூப்புடுறாகன்னு நெனச்சோம்ன்னா. என்ன பேருன்னு கேட்டேன்."

அக்கா நடையை நிறுத்திவிட்டாள். சைக்கிள்காரர் ஒருவர் மணியடித்து ஒதுங்கிப் போனார்.

"கட்டிக்கிட்டு வந்த நாள்லருந்து என்னய 'இந்தா'ன்னுதான்டா கூப்புடுவாரு. ஒருநாள்கூட எம் பேரு அவரு வாயில வந்ததில்ல. அன்னிக்குப் பூராம் அதத்தான் கூப்புட்டிருக்காரு. நான் இங்க ஒனக்குக் காப்பி போட்டுக்கிட்டு இருந்திருக்கேன்."