முழுக்கைச் சட்டை

தையல்காரருக்கு மேன்டில் செல் லிம்போமா என்னும் ரத்தப் புற்றுநோய். பழைய மருந்துகளெல்லாம் கைவிட்ட பிறகு, ஆராய்ச்சியில் இருந்த புது மாத்திரைதான் கழுத்துக் கட்டிகளைக் கரைத்தது. ஆனால் கையெல்லாம் ரத்தம் கன்றி, நீலத் திட்டுகள். சொன்னால் ஆராய்ச்சியிலிருந்து நீக்கிவிடுவார்களோ என்று, கொளுத்தும் வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டு மருத்துவமனைக்குப் போனார்.

"ஏதாவது தொந்தரவு இருக்கா?" என்றாள் நர்ஸ்.

"ஒண்ணுமில்லம்மா."

கூட வந்த மனைவிக்குப் பொறுக்கவில்லை. "அக்குள்ல பிடிக்குதுன்னு வாயத் திறக்காம சட்டைய வாங்கிட்டுப் போறவங்கள அந்தத் திட்டு திட்டுவீங்களே! இப்ப உங்க வாய்க்கு என்ன வந்துச்சு?"

அவர் ஒரு கையின் பித்தானை அவிழ்த்துச் சட்டையைச் சுருட்டினார். நர்ஸின் முகம் மாறியது.

"போன மாசம் இன்னொருத்தரும் இப்படித்தான் மறைச்சாரு."

"அவரு இப்ப எப்படிம்மா இருக்காரு?" என்றார் தையல்காரர்.

"அந்தக் கையையும் காட்டுங்க" என்றாள் நர்ஸ்.