நோட்டுக் கட்டுக்கு மேல ஒரு சைக்கிள் பிரேம்

சைக்கிள் பிரேமை வெளிநாட்டுக்கு அனுப்புற தொழில்ல நாம கூலி குடுக்கிறது இரும்புக்கு இல்லீங்க, பெட்டிக்குள்ள இருக்கிற காத்துக்கு! பார்சல் கட்டிக் கட்டி விரல் ரேகையே அழிஞ்சுபோன என் சக பாவிகளே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்ல. புதுசா மாட்டிக்கிட்டவங்களுக்காகச் சொல்றேன்.

என் பேரு செல்வி. சிவகாசியில ஒரு பிரஸ்ல, டிஸ்பாட்ச் செக்‌ஷன்ல பதினோரு வருசம் குப்பை கொட்டினவ. எங்க வீட்டுக்காரர் ஞானராஜ், சாத்தூர்ல லாரி பாடி கட்டுற பட்டறையில கேஸ் வெல்டிங் வேலை. ஒரு நாள் நாலுவழிச் சாலையில கன்னியாகுமரிக்கு சைக்கிள்ல போய்க்கிட்டிருந்த வெள்ளைக்காரர் ஒருத்தருக்கு பிரேம் ஒட்டு விட்டுப்போச்சு. பட்டறைக்குத் தள்ளிக்கிட்டு வந்தாரு. இவுக ஒட்டிக் குடுத்த அழகைப் பார்த்து அசந்துபோயி, படம் எடுத்து ஊர் உலகத்துக்கெல்லாம் போட்டுட்டாரு. அம்புட்டுத்தான்! “எனக்கு ஒரு பிரேம் செஞ்சு தருவீங்களா”ன்னு அங்கொண்ணும் இங்கொண்ணுமா ஆர்டர் வர ஆரம்பிச்சது. இவுக வேலையை விட்டுட்டு வீட்டுக்குப் பின்னால ஷெட்டு போட்டாக. நானும் பிரஸ்ஸை விட்டுட்டு பார்சல் கட்ட உக்காந்தேன்.

அப்பத்தான் மார்ட்டின் வந்தாரு. எங்க சர்ச்சுல ஏற்கெனவே மூணு மார்ட்டின் இருக்காக. இவரு பெல்ஜியத்துல சைக்கிள் கடை வச்சிருக்கிற மார்ட்டின். ஒரு பிரேம் வாங்கிப் பார்த்துட்டு மார்கழியில மெயில் போட்டாரு. வேலைப்பாடு பிரமாதம், ஆனா பின்சக்கரம் மாட்டுற காது ஒண்ணு வழியிலயே வளைஞ்சிருச்சு, கூரியர் செலவும் பிரேம் விலைக்குப் பக்கத்துல வந்திருச்சு. சாம்பிளுக்கு இன்னொண்ணு அனுப்புங்க. நூல் பிடிச்ச மாதிரி நேரா வந்து சேரணும், அனுப்புற செலவு பிரேம் விலையில கால்வாசியைத் தாண்டக்கூடாது. ரெண்டும் சரியா இருந்தா வருசத்துக்குப் பன்னெண்டு பிரேம் வாங்கிக்கிடுறேன், இல்லைன்னா மன்னிச்சிருங்க.

வருசத்துக்குப் பன்னெண்டு! மூணு தடவை படிச்சோம். ஏன்னா பழைய பட்டறை முதலாளி, “வைகாசி முடியிற வரைக்கும் உன் இடத்தை வச்சிருக்கேன் ஞானராஜு, அதுக்குள்ள வந்திரு”ன்னு ஏற்கெனவே சொல்லிவிட்டிருந்தாக. இந்த சாம்பிள் கரை சேர்ந்தா ஷெட்டு நிக்கும், இல்லைன்னா இவுக மறுபடியும் லாரிக்கு அடியிலதான்.

சுண்டைக்கா கால் பணம்

முதல் சோதனை விருதுநகர் கூரியர் ஆபீஸ்ல. இதுக்கு முன்னால போன பிரேமுக்கெல்லாம் வாங்கினவங்களே கூரியரைப் பேசிக் காசு கட்டிட்டாங்க, அந்தக் கணக்கு எனக்குத் தெரியாது. ஒரு சைக்கிள் கடையில முழுச் சைக்கிள் வந்த அட்டைப்பெட்டியைக் கேட்டு வாங்கி, உள்ள பிரேமை வச்சுக் கட்டிக்கிட்டுப் போயிருந்தேன். கவுண்ட்டர்ல இருந்த பொண்ணு எடை மெஷின்ல வைக்கவே இல்ல. இஞ்சி டேப்பை எடுத்தா. நீளம், அகலம், உயரம் மூணையும் பெருக்கி ஐயாயிரத்தால வகுத்து, நாப்பது கிலோன்னா! எனக்குச் சிரிப்பு வந்திருச்சு. “ஏம்மா, ரெண்டரைக் கிலோதான், ஒத்தக் கையில தூக்கிட்டு வந்தேன்”னு தூக்கிக்கூடக் காட்டினேன்.

எடை, அளவு ரெண்டுல எது கூடுதலோ அதுக்குத்தான் காசாம். அவ சொன்ன தொகைக்கு மார்ட்டினுக்கு டிக்கெட் போட்டு இங்க வரவழைச்சிரலாம்! சுண்டைக்கா கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்ங்கிறது எங்களுக்காகவே சொல்லி வச்சது. என் மூஞ்சியைப் பார்த்து அவளுக்கே பாவமாப் போச்சு.

“அக்கா, நீங்க அனுப்புறது ரெண்டரைக் கிலோ பிரேமு, முப்பத்தேழரைக் கிலோ காத்து.”

ஆயிரம் வாலா

சரி, காத்தைக் குறைப்போம்னு இறங்கினேன். முன்சக்கரம் மாட்டுற ஃபோர்க்கைக் கழட்டி பிரேமோட முக்கோணத்துக்குள்ளயே படுக்க வச்சேன். பிரேமைத் தரையில போட்டு சாக்பீஸால சுத்தி வரைஞ்சு, அந்த அளவுக்கே பெட்டி செஞ்சேன். நாப்பது கிலோ பதினஞ்சு கிலோவுக்கு இறங்கிச்சு! மதுரையில ஒரு ஏர் கார்கோ ஏஜெண்ட்டு ஏறக்குறைய கால்வாசிக்குப் பக்கத்துல ஒரு ரேட்டும் சொன்னாரு. எனக்குக் கால் தரையில பாவலை.

இப்ப என் புத்தியைக் கேளுங்க. நல்ல அட்டையா, கெட்டியா, சும்மா கிடைக்கணும். எங்க மதினி, அதாவது வீட்டுக்காரரோட அக்கா, ஏழாயிரம்பண்ணைப் பக்கம் வெடிக் கம்பெனியில வேலை. அங்கன மிஞ்சிக் கிடந்த ரெண்டு புதுப் பெட்டியை வாங்கி, வெட்டி ஒட்டி, வெளிய இருந்த நெருப்புப் படத்து மேல காக்கிப் பேப்பரைப் பசை போட்டு ஒட்டி அனுப்பிட்டேன். பதினோரு வருசம் டிஸ்பாட்ச் பார்த்தவ, அட்டையை உள்பக்கம் வெளியத் திருப்பி மடிக்கணும்னு தோணலை பாருங்க! வழியில தூத்தல் போட்டிருக்கு, பசை விட்டுருச்சு, காக்கிப் பேப்பர் கழண்டு தீப்பொறி பறக்குற படம் மொத்தமும் வெளிய வந்திருச்சு. பெட்டியைப் பிரிச்சு, குடைஞ்சு, திருப்பியே அனுப்பிட்டாங்க. ரெண்டு வாரம் போச்சு. குத்தம் என் பேர்லதான், யாரைச் சொல்ல? விமான நிலையத்துல இருந்து போன் பண்ணுன ஆபீசர் சத்தம் கூடப் போடலை, பொறுமையாத்தான் கேட்டாரு.

“ஏம்மா, அட்ரஸ் சிவகாசிப் பக்கம், பெட்டியில ஆயிரம் வாலா, உள்ள சைக்கிள்னு சொல்றீங்க. என் இடத்துல நீங்க இருந்தா நம்புவீங்களா?”

அறுத்துக் கொண்டாங்க

அந்த ஏஜெண்ட்டு அதுக்கப்புறம் என் போனை எடுக்கிறதில்ல. அடுத்து தபாலாபீஸ். ரேட்டு விசாரிச்சேன், பாதிக்குப் பாதி குறைச்சல்! பெட்டியை ஆட்டோவுல வச்சுக்கிட்டுப் பறந்தேன். அங்க இருந்த அம்மா நல்ல மாதிரி. நீளத்தையும் சுத்தளவையும் கூட்டிப் பார்த்தாக, மறுபடியும் கூட்டிப் பார்த்தாக, கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுட்டு இன்னொரு தடவை கூட்டினாக. அந்த நாட்டுக்கு உள்ள வரம்பை ஒரு முழம் தாண்டிருச்சு. எடை எம்புட்டு வேணாலும் இருந்துட்டுப் போகட்டும், இந்த அளவுக்கு வழியே இல்லையாம். “ஏதாவது செய்யுங்கம்மா, எங்க பொழைப்பே இதுலதான் இருக்கு”ன்னு கெஞ்சினேன். அவுக நிசமாவே நமக்கு உதவணும்னு யோசிச்சுத்தான் சொன்னாக. அதை வீட்டுல வந்து சொன்னதும், செஞ்ச மனுசன் ஷெட்டுல இருந்த ரம்பத்தை எடுத்து ஒளிச்சு வச்சுட்டாக.

“இதை ரெண்டா அறுத்துக் கொண்டாங்க, இன்னைக்கே அனுப்பி வச்சிர்றேன்.”

மதினி உருட்டுன குழாய்

செலவு ஒரு பக்கம் இருக்கட்டும், காது வளையிற பிரச்சினை அப்படியே இருந்துச்சு. சக்கரம் இல்லாத பிரேமோட பின்பக்கம் ரெண்டு காதும் சும்மா விரிஞ்சு நிக்கும். யாராவது மேல ஒரு மூட்டையைப் போட்டா உள்ள அமுங்கிரும். நடுவுல எதையாவது முட்டுக் குடுக்கணும். மரக்கட்டை வச்சா வெளிநாட்டுக்கு அதுக்குத் தனியாச் சான்றிதழ் கேப்பாங்க. பிளாஸ்டிக் குழாய் வச்சுப் பார்த்தேன், கையால அழுத்தினாலே நெளிஞ்சுச்சு.

மதினி ஞாயித்துக்கிழமை கோயில் முடிஞ்சு சாப்பிட வந்தாக. சோத்துல கையை வச்சுக்கிட்டே என் புலம்பலைக் கேட்டுட்டு, “எம்புட்டு நீளம் வேணும்?”னு மட்டும் கேட்டாக. அவுக வேலையே வானவெடிக்குப் பேப்பர்க் குழாய் உருட்டுறதுதான். மறு வாரம் மருந்து வாடையே படாத புதுக் காக்கி அட்டையில, பசை தடவி இறுக்கி உருட்டுன ஒரு குழாயை மஞ்சப்பையில கொண்டாந்தாக. காதுக்கு நடுவுல வச்சா, அளவெடுத்துத் தச்ச சட்டை மாதிரி உக்காந்துச்சு! எங்க வீட்டுக்காரர் அது மேல ஏறி நின்னாக. அசையலை! ரம்பத்தை ஒளிச்சு வச்ச மனுசன் “அக்கா!”ன்னு கத்தினாக. மதினி பெருமையை வெளிய காட்டிக்கிடாம குழாயைத் தடவிக் குடுத்தாக.

“இருவது வருசமா நான் உருட்டுன குழாய் அம்புட்டும் வெடிச்சுத்தான் போயிருக்கு. இது ஒண்ணாவது முழுசா ஊர் போய்ச் சேரட்டும்ளா.”

வெயிட்டு முடிஞ்சிருச்சு

பிரேமைச் சுத்துறதுக்கு வேஸ்ட் பேப்பர் வாங்க பழைய பிரஸ்ஸுக்குப் போனேன். வாசல்ல கன்டெய்னர் நிக்குது. பெல்ஜியத்துக்குப் பள்ளிக்கூட நோட்டு லோடு, வருசா வருசம் போறதுதான். லோடு ஏத்துறவங்க நெஞ்சு உயரத்துக்கு நோட்டுக் கட்டுகளை அடுக்கிட்டு கதவைச் சாத்தப் போனாங்க. பதினோரு வருசம் காகிதம் போட்டு அனுப்பினதோட சரி, அன்னைக்குத்தான் உள்ள எட்டிப் பார்க்கிறேன், மேல பாதிக் கன்டெய்னர் காலி! “ஏண்ணே, இம்புட்டு இடம் கிடக்கு, ஏத்தலையா?”ன்னேன். “பேப்பராச்சே தங்கச்சி, கனம். வெயிட்டு முடிஞ்சிருச்சு, இதுக்கு மேல ஒரு கட்டுக் கூட ஏத்தக்கூடாது”ன்னாரு.

எனக்குப் புல்லரிச்சுப்போச்சு! கூரியர்ல காத்துக்குக் காசு கேக்கிறான், இங்கன காத்து சும்மா கப்பலேறிப் போகுது! ரெண்டரைக் கிலோ பிரேமு அந்த நோட்டுக்கு ஒரு பாரமா? செருப்பைக் கூடக் கழட்டாம முதலாளி அண்ணாச்சி ரூமுக்குள்ள ஓடினேன். அந்த லோடு புறப்பட்டுருச்சு, ஆனா பங்குனியில இன்னொண்ணு இருந்துச்சு. அண்ணாச்சி தூத்துக்குடி கிளியரிங் ஏஜெண்ட்டுக்குப் போன் போட்டாக. தனி இன்வாய்ஸ், தனி பேக்கிங் லிஸ்ட், எல்லாம் முறைப்படி தனித்தனியா இருந்தா தாராளமாப் போகலாம்னாரு. அந்தக் காகிதம் அம்புட்டும் எனக்குத் தண்ணி பட்ட பாடு. நோட்டு வாங்குற கம்பெனியும் சரின்னுட்டாங்க, அவங்க குடோன்ல வந்து மார்ட்டின் எடுத்துக்கிடணும். மொத்தச் செலவு, மார்ட்டின் சொன்ன கால்வாசியில பாதி கூட வரலை! நான் போட்ட சத்தத்துல மெஷின் ஓட்டுறவரு மெஷினை நிறுத்திட்டு வந்து எட்டிப் பார்த்தாரு. அண்ணாச்சிக்குச் சந்தோசம்தான், ஆனா ஒரு வருத்தமும் இருந்துச்சு.

“ஏம்மா செல்வி, பதினோரு வருசம் இங்க சம்பளம் வாங்கையில இந்தப் புத்தியை எங்கன வச்சிருந்த?”

கப்பல் எங்கன இருக்கு?

பங்குனியில நோட்டுக் கட்டுக்கு மேல எங்க பெட்டி படுத்துச்சு. இந்தத் தடவை வெள்ளை அட்டை, ஒரு படம் கிடையாது, ஒரு பொறி கிடையாது. தூத்துக்குடியில கப்பலேறினதும் வேலை முடிஞ்சதுன்னு நெனச்சீகளா? அப்பத்தான் ஆரம்பம்! போன்ல கப்பல் எங்க போகுதுன்னு பார்க்கிற வசதி இருக்கு பாருங்க, அது குடும்பத்தைக் கெடுக்க வந்தது. இவுக காலையில பல்லு விளக்கும்போதே, “கப்பல் எங்கன இருக்கு?”ம்பாக. கொழும்புல அஞ்சு நாள் நின்னுச்சு. ஐயோ, ஏன் நிக்குது, எதுக்கு நிக்குதுன்னு இவுகளுக்குச் சோறு இறங்கலை. சித்திரை போச்சு, வைகாசி பொறந்துச்சு. பட்டறை முதலாளி ஆள் விட்டுக் கேட்டாக, ஒரு வாரத்துல சொல்றேன்னு இவுக சொல்லி அனுப்பிச்சாக. அன்னைக்குச் சாயங்காலம் மேப்பைப் பார்த்தா கப்பல் இன்னும் நடுக்கடல்ல ஒரு புள்ளியா நிக்குது. இவுக போனை என் மடியில போட்டாக.

“இதுக்கு நானே அந்தப் பிரேம்ல சக்கரத்தை மாட்டி மிதிச்சுக்கிட்டுப் போயிருந்தா இந்நேரம் குடுத்துட்டுத் திரும்பியிருப்பேன்.”

மார்ட்டின் கடையில

கடைசியா ஒரு மத்தியானம் மார்ட்டின் வீடியோவுல கூப்பிட்டாரு, பெட்டி பின்னால மேசை மேல இருக்கு. இவுக கேஸ் சிலிண்டருக்குப் பின்னால போயி நின்னுக்கிட்டாக. அந்த மனுசன் சட்டுனு பிரிச்சுத் தொலைக்கப்படாதா? சுத்தியிருந்த காலண்டர் வேஸ்ட்டை விரிச்சு வச்சுக்கிட்டு, இதுல ஏன் ஜூன் மாசம் ரெண்டு தடவை இருக்குன்னு விசாரிக்கிறாரு! பிரஸ்ல தப்பா அடிச்சதுய்யா, பிரேமைப் பாருய்யான்னு மனசுக்குள்ள கத்துறேன்.

ஒருவழியா பிரேமை எடுத்தாரு. காதுக்கு நடுவுல இருந்த குழாயை உருவினாரு. ஒரு நூலை எடுத்து முன்னால இருந்து ரெண்டு காதுக்கும் இழுத்துக் கட்டி, ஸ்கேல் வச்சு இந்தப் பக்கம் பார்த்தாரு, அந்தப் பக்கம் பார்த்தாரு. அப்புறம் ஒரு சக்கரத்தைக் கொண்டாந்து மாட்டினாரு. ஒரு தட்டுத் தட்டலை, ஒரு இழு இழுக்கலை, வழுக்கிக்கிட்டுப் போய் உக்காந்துச்சு! சுத்தி விட்டாரு. சக்கரம் சுத்துது சுத்துது, நானும் அவரும் அதையே பார்த்துக்கிட்டு நிக்கிறோம். “இதைச் செஞ்சவர் எங்கே?”ன்னாரு.

நான் போனைத் திருப்பினா இவுக ஷெட்டுக்கு வெளியவே போயிட்டாக! சட்டையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு வந்தேன். வேர்த்து ஒழுகுது, கையை லுங்கியில துடைச்சுக்கிட்டே நிக்கிறாக. மார்ட்டின் இங்கிலீஷ்ல சொன்னதை நான் அப்படியே தமிழ்ல சொன்னேன்: “ஞானராஜ், இனி வேற எந்த வேலையும் ஒத்துக்கிடாதீங்க. எனக்குப் பன்னெண்டு வேணும்.” இவுக கண்ணு ரெண்டும் நிறைஞ்சிருச்சு. எனக்கும்தான், அதை ஏன் மறைக்கணும்? இவுக தேங்க்ஸ் கூடச் சொல்லலை. என் கையில இருந்த போனைப் பிடுங்கி, மார்ட்டினை நடுவுலயே கட் பண்ணிட்டு, பட்டறைக்கு நம்பரைப் போட்டாக.

“முதலாளி, ஞானராஜு பேசுறேன். அந்த இடத்துக்கு வேற ஆளைப் போட்டுக்கிடுங்க.”

ஆகமொத்தம் இந்தத் தொழில்ல நான் கண்டது, ஒரு பிரேமை பெல்ஜியம் வரைக்கும் கொண்டு சேர்க்கிறதுல பெரிய பாடு ஒண்ணும் இல்ல, அதைச் செஞ்ச மனுசனைப் பத்தடி தள்ளி இருக்கிற கேமராவுக்கு முன்னால கொண்டு சேர்க்கிறதுக்குள்ளதான் உசிரு போயிரும்.