நம்மூரில் யாருக்குத்தான் வராது

அறுபதுகளின் கடைசியில், வேலை கேட்டு ஓசூரிலிருந்து பெங்களூருக்கு பஸ் ஏறி ஏறி எனக்கு அலுத்துப் போயிருந்தது. அன்று ஒரு தொழிற்சாலையில், உனக்கு என்ன நன்றாக வரும் என்று அதிகாரி கன்னடத்தில் கேட்டார். எந்த வேலை கொடுத்தாலும் செய்வேன் என்று நானும் கன்னடத்திலேயே சொன்னேன். வருகிறவன் எல்லாம் இதைத்தான் சொல்கிறான் என்று கையசைத்து அனுப்பிவிட்டார்.

அடுத்துப் போனவன் எங்கள் ஓசூரை ஒட்டிய கெலமங்கலத்துக்காரன். தெலுங்கும் அரைகுறைத் தமிழும்தான் அவனுக்குத் தெரியும். கன்னடம் புரியாமல் அவன் திருதிருவென்று விழிக்கவே, அவன் பக்கத்து ஊர்க்காரன்தானே என்று, பேச்சை மாற்றிச் சொல்ல என்னைத் திரும்பக் கூப்பிட்டார்கள். கிணற்று மோட்டாரைத் தானே பிரித்து மாட்டுவேன் என்று அவன் தெலுங்கில் சொன்னதைக் கன்னடத்தில் சொன்னேன். அவன் தயங்கிய இடத்தில் நானே இரண்டு வார்த்தை சேர்த்தும் சொன்னேன். வேலை அவனுக்குக் கிடைத்தது.

திரும்பும் பஸ்ஸில், ஜன்னலில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கெலமங்கலத்துக்காரன் விடவில்லை.

"மூணு பாஷை வருதுன்னு நீ ஏண்ணா சொல்லல?"

"அதப் போயி யாராவது சொல்லுவாங்களா? நம்மூர்ல யாருக்குத்தான் வராது?" என்று எரிந்து விழுந்தேன்.

"எனக்கு வரலியேண்ணா" என்றான்.